‘உங்கள் வீட்டுக்கு எத்தனை வாட்?’: ஒரு தவறான கேள்விக்கு மறுப்பு

நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்கலாம்.

சென்ற வாரம் ஆய்வாளர் குழுவொன்றில் நான் ஒரு செய்தி இட்டேன். மூணாறில் எங்கள் டிவிஷனில் மூன்று நாள்களாக மின்சாரம் இல்லை. நகருக்கு இறங்கி வந்து ஒரு தேநீர்க் கடையில் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு எழுதுகிறேன். ஆய்வேட்டின் இயல் திருத்தம் தாமதமாகும் என்பதே அச்செய்தி. அரை மணி நேரத்துக்குள் மூத்த ஆய்வாளர் ஒருவர் விற்பனைப் பக்கமொன்றின் இணைப்பை அனுப்பினார். “ஒரு போர்ட்டபிள் ஜெனரேட்டர் வாங்கி வைத்துக்கொள்ளலாமே. உங்கள் வீட்டுக்கு எத்தனை வாட் தேவை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், எளிது” என்று எழுதியிருந்தார். பத்துக்கும் மேற்பட்டோர் அதற்கு விருப்பக்குறி இட்டிருந்தனர்.

அவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். கெட்ட எண்ணத்தோடு சொல்லப்பட்டிருந்தால் இவ்வளவு நீளமாக மறுக்க வேண்டியிருந்திராது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே வைத்துவிடுகிறேன். ஜெனரேட்டரை நான் எதிர்க்கவில்லை. மூணாற்று மழைக்கு அது வேண்டியிருக்கும் நாள்கள் உண்டு. அதைக் கீழே கணக்கோடு காட்டுகிறேன். நான் மறுப்பது ‘உங்கள் வீட்டுக்கு’ என்ற தொடரை. வாங்கும் அலகு வீடு என்று வைத்துக்கொண்ட கணத்திலேயே தவறான பொறியைத் தவறான அளவில் வாங்கித் தவறான இடத்தில் வைக்க நேர்கிறது. மின்சாரம் தர வேண்டியவர்களும் ஓசையின்றி அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். லயத்தில் வாழ்வோருக்குச் சரியான அலகு லயம். (ஜெனரேட்டருக்கு மின்னாக்கி என்ற நல்ல சொல் இருக்கிறது. எங்கள் லயத்தில் அதைச் சொன்னால் எனக்கு நானே மொழிபெயர்ப்பாளராக நிற்க வேண்டியிருக்கும். தமிழ்த்துறை நண்பர்கள் பொறுத்தருள்க.)

லயம் எதுவென அறியாதோருக்கு ஒரு விளக்கம். ஒரே கூரையின் கீழ், பொதுச் சுவர்களால் பிரிக்கப்பட்டு, ஒரு முன்திண்ணையைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு அது. இலங்கை மலையகத்தில் லயன் என்பார்கள். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. ஆனால் வீட்டைத் தொழிலாளியின் உடைமையாக்கவில்லை. வேலை இருக்கும்வரை வீடு, ஓய்வு பெற்றால் வெளியேற்றம். இலக்கண நூலார் ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று பிரிப்பர். ‘உங்கள் வீடு’ என்ற தொடர் லயத்தைக் குறிக்கையில் பிறிதின்கிழமையிலும் பிறிதாகிவிடுகிறது. சுவரில் ஒரு ஆணி அடிப்பதற்கும் யோசிக்கும் மக்களிடம் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் மாற்றுச் சுவிட்ச் பொருத்திக்கொள் என்று விற்பனைப் பக்கம் சொல்கிறது.

இனி, எளிது என்று சொல்லப்பட்ட கணக்கு.

எங்கள் வீட்டில் ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்குகள் மூன்று, கைப்பேசிகள் இரண்டு, ஒரு ரவுட்டர். எல்லாம் ஒருசேர இயங்கினாலும் 60 வாட்டுக்குள் அடங்கிவிடும். மின்விசிறி கிடையாது; மூணாறில் எவர் வீட்டிலும் அதற்கு வேலையில்லை. மாலை ஆறு மணி முதல் நள்ளிரவுவரை ஆறு மணி நேரம் என்று கொண்டால் நாளொன்றுக்கு 360 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. ஓர் இரவின் இருட்டைப் போக்க ஒரு குடும்பத்துக்கு இவ்வளவே போதும்.

விற்பனைப் பக்கம் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. அது ஃபிரிட்ஜிலிருந்து தொடங்குகிறது. ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 வாட் இழுத்தாலும், அதன் மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு கேட்கும். நீரேற்றும் மோட்டாரும் அப்படியே. ஓடும் வாட் வேறு, கிளம்பும் வாட் வேறு. ஜெனரேட்டர் தேர்வில் முதல் பாடம் இது, உண்மையான பாடமும்கூட. அடுத்து வெந்நீர்க் கருவி 2000 வாட், இண்டக்சன் அடுப்பு இன்னொரு 2000 வாட் என்று ஏறிக்கொண்டே போய், ‘உங்களுக்கு 5 கே.வி.ஏ. பொருத்தம்’ என்று முடிகிறது. சூடேற்றும் எதையும் சிறு ஜெனரேட்டரில் ஓட்டக்கூடாது என்ற ஒற்றை வாக்கியத்தை மட்டும் அது சொல்லாது. பெட்ரோலை எரித்து மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தை மீண்டும் வெப்பமாக்குவதைக் காட்டிலும் விறகடுப்பில் வெந்நீர் வைப்பது மேல். கொழுந்து பறித்துவிட்டு நனைந்து வரும் பெண்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

விற்பனைப் பக்கத்தில் இல்லாத இன்னொரு வரி உண்டு; பொறியோடு வரும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அது ஒளிந்திருக்கும். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் பெட்ரோல் எஞ்சினின் திறன் ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு குறைகிறது. மேலே போகப் போகக் காற்று மெலிவதால் எரிதலுக்கான ஆக்சிஜன் குறைகிறது என்பதே காரணம். மூணாறு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, பெட்டியின் மேல் எதை எழுதியிருந்தாலும் அதில் ஆறில் ஒரு பங்கை மலைக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட வேண்டும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பதும் உச்ச அளவுதான். 2.2 கே.வி.ஏ. என்று அச்சிட்டிருந்தால் தொடர்ந்து தரக்கூடியது 1.8 அளவில் இருக்கும். மூணாறில் அது ஒன்றரை. கே.வி.ஏ.வும் கிலோவாட்டும் ஒன்றன்று என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சமவெளி நகரொன்றின் கடைக்காரர் ஒருவரிடம் இந்த உயரக் கணக்கைக் கேட்டேன். “அதெல்லாம் இமயமலைக்குத்தாம்மா” என்றார்.

போர்ட்டபிள் என்ற சொல்லையும் சற்று விசாரிக்க வேண்டும். எடுத்துச் செல்லத்தக்கது என்று பொருள். யாரால், எங்கே என்பது அந்தச் சொல்லில் இல்லை. இன்வெர்ட்டர் வகைச் சிறு ஜெனரேட்டர் இருபது கிலோவுக்குச் சற்று மேல். அதே திறனுள்ள பழைய வகை அதைப்போல் இரு மடங்கு. பழைய வகை 50 ஹெர்ட்ஸ் அலைவெண்ணைக் காப்பாற்றுவதற்காக, ஒரு விளக்கு மட்டும் எரிந்தாலும் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இன்வெர்ட்டர் வகை சுமைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மடிக்கணினிக்கும் மருத்துவக் கருவிக்கும் ஏற்ற சீரான மின்சாரம் தரும், இரைச்சலும் குறைவு. விலை கணிசமாக அதிகம். வாங்குவதென்றால் இதைத்தான் வாங்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த விலையை ஒரு கொழுந்துக் கூலி தனியே தாங்காது என்பதிலும் ஐயமில்லை.

பிறகு இடம். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

ஜெனரேட்டரைத் திறந்த வெளியில், கதவு சன்னல்களிலிருந்து ஆறு மீட்டருக்குக் குறையாத தொலைவில், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையைப் பார்த்திருக்கும்படி வைக்க வேண்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு குருதியின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பின்னர் மயக்கம்; உறங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்தத் தலைவலியும் தெரியாது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடுங்குளிரில் மின்சாரம் நின்றபோது, மூடிய வீடுகளுக்குள் இந்த வாயுவால் மட்டுமே பலர் மாண்டனர். நம் மலைநகர்களிலும் மூடிய அறைக்குள் கரியடுப்பு வைத்து உறங்கியவர்களின் செய்தியை அவ்வப்போது படிக்கிறோம்.

இப்போது லயத்தை நினைத்துப் பாருங்கள். எட்டு வீடுகள், எட்டு ஜெனரேட்டர்கள். ஆறு மீட்டர் என்பது இரண்டு வீடுகளைத் தாண்டிய தொலைவு. என் வீட்டுக் கதவிலிருந்து விலக்கி வைத்தால் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் உறங்கும் சன்னலுக்குக் கீழே போய்விடும். வெளியே விடாமல் மழை, பொறி நனையக்கூடாது. ஆகவே எல்லோரும் திண்ணைக்கு இழுத்துக்கொள்வார்கள். திண்ணைக்கும் அறைக்கும் நடுவே ஒரு பழைய மரக்கதவு. குளிருக்காகச் சன்னல்கள் அடைத்தே கிடக்கும். பாதுகாப்புக் குறிப்புகளை எழுதியவர் மனத்தில் இருந்தது நான்கு புறமும் தோட்டமுள்ள தனிவீடு. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே அறிவோடு நடந்துகொண்டாலும் எட்டுக் குடும்பங்களும் சேர்ந்து நஞ்சைச் சுவாசிக்கும் நிலைமை இது.

லைன்மேன் பற்றியும் சொல்ல வேண்டும். மாற்றுச் சுவிட்ச் இல்லாத வீட்டில் மக்கள் கண்டுபிடித்திருக்கும் குறுக்குவழி, இரு முனையிலும் பிளக் பொருத்திய ஒரு வயர். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை சுவரிலுள்ள சாக்கெட்டில். வீடு முழுதும் ஒளி வந்துவிடும். மெயினை அணைக்க மறந்தால் அதே மின்சாரம் வெளிக்கம்பிக்கும் போகும். 11,000 வோல்ட்டை 230 ஆக்கி நமக்குத் தரும் அதே டிரான்ஸ்பார்மர், எதிர்த்திசையில் 230-ஐ 11,000 ஆக்கிவிடும். கிராண்டிஸ் மரம் விழுந்து அறுந்த கம்பியை மழையில் நின்று இணைத்துக்கொண்டிருப்பவர், லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பித்தான் அதைத் தொடுகிறார். இதைச் செய்யாதீர்கள். இந்தப் பதிவில் வேறெதையும் ஏற்காதவர்களும் இதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

சரி, பெட்ரோல். சிறு ஜெனரேட்டர் 60 வாட் சுமைக்கு ஓடினாலும் மணிக்குக் கால் லிட்டருக்கும் அரை லிட்டருக்கும் இடையே குடிக்கும். ஆறு மணி நேரத்துக்கு இரண்டு லிட்டருக்கு மேல். லிட்டர் விலை நூறு ரூபாயைத் தாண்டி நெடுநாளாயிற்று. மூன்றில் ஒரு யூனிட்டுக்கு இருநூறு ரூபாய். அதாவது ஒரு யூனிட் ஐந்நூறு ரூபாய்க்கும் மேல். லயத்தின் எட்டு வீடுகளும் இப்படி ஓட்டினால் ஓர் இரவுக்குப் பதினெட்டு லிட்டர். மண்சரிவால் வழி அடைபட்ட வாரத்தில் அதை யார் கொண்டுவந்து தருவார்?

ஆகவே நான் முன்வைக்கும் மாற்று இது. வீட்டுக்கு ஒரு பேட்டரியும் இன்வெர்ட்டரும்; லயத்துக்கு ஒரே ஒரு ஜெனரேட்டர். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் சற்றேறக்குறைய 1.8 யூனிட் இருக்கும். பேட்டரியைக் கெடுக்காமல் அதில் பாதியை எடுக்கலாம். நம் 60 வாட் கணக்குக்கு அது இரண்டு இரவுகள் தாங்கும். மூணாற்றில் பெரும்பாலான மின்தடைகள் அதற்குள் முடிந்துவிடும், முடியாதவற்றுக்கு ஜெனரேட்டர். அதன் வேலை விளக்கெரிப்பதன்று, பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவது. ஒரு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற 250 வாட் என்றால் நான்கு பேட்டரிக்கு ஆயிரம் வாட். வீட்டு இன்வெர்ட்டர்களின் சார்ஜர்கள் வாட்டைவிட அதிகமான வோல்ட்-ஆம்பியரை இழுப்பவை. 1400 என்று வைத்துக்கொள்வோம். மலையில் ஒன்றரையாகச் சுருங்கிவிட்ட நம் 2.2 கே.வி.ஏ. ஜெனரேட்டருக்கு அது மிகச் சரியான சுமை. ஓரிரவில் செலவானதைத் திருப்பி நிரப்ப இரண்டரை மணி நேரம். நான்கு வீடுகள் முதலில், நான்கு வீடுகள் பிறகு. ஐந்து மணி நேரத்தில், பகல் வெளிச்சத்தில், மூன்றரை முதல் நான்கு லிட்டர் பெட்ரோலில் எட்டு வீடுகளின் இரவு முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு ஐம்பது ரூபாய்.

பதினெட்டு லிட்டர் எங்கே, நான்கு லிட்டர் எங்கே? வேறுபாடு பொறியில் இல்லை, அலகில் இருக்கிறது.

மற்றவையும் இதனோடு தாமே ஒழுங்காகிவிடுகின்றன. ஒரே பொறி என்றால் அதை லயத்திலிருந்து விலக்கி, மூன்று பக்கம் திறந்த தகரக் கொட்டகையில் வைக்கலாம். சுவர் சாக்கெட்டில் எதையும் செருகத் தேவையில்லை. பேட்டரி சார்ஜரின் வயரை நேரே பொறியில் செருகினால் போதும், லைன்மேன் பிழைத்தார். ஐந்து நாளைக்கு இருபது லிட்டர் போதும். விற்பனைக்கல்லாமல் முப்பது லிட்டர்வரை உரிமமின்றி வைத்திருக்க 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பிளாஸ்டிக் கேனில் அன்று. இரும்புக் கலனில், அடுப்பங்கரைக்கு அப்பால். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூணாற்று ஈரத்தில் மாதக்கணக்கில் அதைப் பொறிக்குள் விட்டுவைத்தால் தேவைப்படும் இரவில் பொறி கிளம்பாது. மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவும், ஓட்டிய பின் கார்புரேட்டரை வடித்துவிடவும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். தனிவீட்டில் இதை யாரும் செய்வதில்லை. முறைவைத்துச் செய்யும் இடத்தில் நடக்கும்.

சூரியத் தகடு வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம், நல்லது. ஆனால் எங்கள் மின்தடை வருவது சூரியன் வராத சூன், சூலை, ஆகஸ்டில். கூரையும் எங்களுடையதன்று.

இனி, குழுவில் எவரும் தொடாத செய்திக்கு வருகிறேன். ‘கரண்ட் போச்சு’ என்கிறோம். தன்வினை. மின்சாரம் தானாக எழுந்து போகிறது, தானாகத் திரும்பி வருகிறது. 2012இல் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் பாதி நாள் மின்வெட்டு இருந்தபோது அங்கிருந்த உறவினர் வீடுகளில் வேறு தொடரைக் கேட்டிருக்கிறேன்: ‘கரண்ட கட் பண்ணிட்டான்’. அங்கே வினைமுதல் உண்டு. பெயரில்லை, மரியாதையில்லை, ஆனால் ஒருவன் இருக்கிறான். மலையில் மழைதான் செய்கிறது என்பதால் வினைமுதலே இல்லாமற் போகிறது. விற்பனைப் பக்கமும் ‘மின்சாரம் போகும்போது’ என்றே தொடங்குகிறது. யாரும் செய்யாத ஒன்றுக்கு யாரும் பொறுப்பாளியாக முடியாது. எஞ்சுவது வாங்குபவரின் தேவை மட்டும்.

பொறுப்பாளிகள் இருக்கிறார்கள். எங்கள் தோட்டம் எது என்று நான் எழுதப்போவதில்லை. அம்மா இன்னும் வேலையில் இருக்கிறார். பொதுவாக மூணாற்றைப் பற்றிச் சொல்கிறேன். எல்லா இடத்திலும் கேரள மாநில மின்சார வாரியமே நேரடியாக மின்சாரம் தருகிறது என்று வெளியூர் நண்பர்கள் எண்ணுகிறார்கள். கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் நிறுவனம், வாரியத்திடம் மொத்தமாக வாங்கித் தன் பகுதியில் விநியோகிக்கும் உரிமம் பெற்ற ஒன்று. திருச்சூர் மாநகராட்சியும் அப்படியோர் உரிமதாரர். 2005க்குப் பிறகு அந்நிறுவனத்தில் தொழிலாளர்களும் பங்குதாரர்கள். நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சரிவுகளில் கம்பி இழுத்துக் காப்பது எவ்வளவு கடினம் என்பதை அங்கே பிறந்தவள் அறிவேன். ஆனால் வேலை தருபவரும் வீடு தருபவரும் மின்சாரம் தருபவரும் ஒருவரேயாக இருக்கும் இடத்தில், ஒரு லயத்துக்கு மாற்று ஏற்பாடு யார் செய்ய வேண்டும் என்ற கேள்வி மற்ற ஊர்களைவிடத் தெளிவாகக் கேட்கத்தக்கது. அங்கே போய், ‘உங்கள் வீட்டுக்கு எத்தனை வாட்’ என்று தொழிலாளியைக் கேட்பது கேள்வியைத் தவறான முகவரிக்கு அனுப்புவதாகும்.

சட்டமும் அதே போக்கில்தான் போகிறது. மின்நுகர்வோர் உரிமை விதிகள் 2020இல் வந்தன. எல்லா நுகர்வோருக்கும் இருபத்து நான்கு மணி நேர மின்சாரம் என்கின்றன. 2022இல் வந்த திருத்தம் டீசல் ஜெனரேட்டர்கள் தேவைப்படாத நிலையை எங்கே உறுதிசெய்யச் சொல்கிறது தெரியுமா? பெருநகரங்களிலும் பெரிய நகரங்களிலும். புகை நகரத்துக்கு ஆகாது என்பது சரி. மலைக்கு ஆகுமா?

மூணாறுக்கு அருகே பள்ளிவாசலில் 1940இல் இயங்கத் தொடங்கியது கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம். முதிரப்புழையின் நீர் அங்கே குழாய்களில் இறங்கி, ஆலுவாப் பக்கத்து ஆலைகளை ஓட்டியது. அதே ஆற்றின் நீர் செங்குளத்தில் மீண்டும் மின்சாரமாகிறது. கேரளம் முதலில் ஒளி பெற்றது எங்கள் மழையிலிருந்து. அந்த மழை பெய்யும்போதுதான் எங்களுக்கு இருட்டு. கவிதைக்கு ஏற்ற முரண் என்று குழுவில் ஒருவர் சொல்லக்கூடும். அதற்காக இதை எழுதவில்லை.

எதற்காக எழுதுகிறேன் என்றால், 2020 ஆகஸ்ட் 6. ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் இரவு பத்தரை மணிக்கு மேல் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். அதற்கு முன்பே மழையால் மின்சாரம் நின்று, தொலைத்தொடர்பும் செயலிழந்திருந்தது. உயிர் தப்பியவர்கள் இருட்டில் நடந்து போய்த்தான் செய்தி சொல்ல வேண்டியிருந்தது. வெளியுலகம் அறிந்தது மறுநாள் காலையில். முன்னரே தெரிந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்ற கணக்குக்குள் நான் போகமாட்டேன். அது என் தகுதிக்கு அப்பாற்பட்டது. ஆனால் அந்த இரவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஜெனரேட்டர் இருந்திருந்தாலும் கைப்பேசிக் கோபுரம் செத்தே கிடந்திருக்கும். வீட்டுக்குள் விளக்கெரியும், ‘காப்பாற்றுங்கள்’ என்று சொல்ல முடியாது. மலையில் மாற்று மின்சாரம் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் கோபுரம், அடுத்தது டிவிஷன் மருந்தகம், அதற்கடுத்தது லயம். வீடு நான்காவது. விற்பனைப் பக்கம் நான்காவதிலிருந்து தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதற்கு இரு தரப்பிலிருந்தும் எதிர்ப்பு வரும். ‘லயத்தார் பணம் சேர்த்து ஜெனரேட்டர் வாங்கினால் நிறுவனமும் அரசும் தம் கடமையிலிருந்து நழுவ நீயே வழி செய்கிறாய்’ என்று தோழர்கள் சொல்வார்கள். வலுவான வாதம். தனித்தனியே வாங்கும்போது அது முழு உண்மை: வாங்கியவர் வாய் மூடிக்கொள்வார், வாங்க முடியாதவரின் குரல் தனித்துவிடும். எட்டு வீடுகள் சேர்ந்து வாங்கும்போது ஒரு கணக்கேடு பிறக்கிறது. எந்த நாள் நின்றது, எத்தனை மணி நேரம், எத்தனை லிட்டர், எவ்வளவு ரூபாய். அந்த ஏட்டை எவர் மேசையிலும் வைக்கலாம். புலம்பலுக்கு ரசீது கிடையாது.

மறுதரப்பு, ‘உங்கள் ஆட்கள் நான்கு நாள் சேர்ந்து ஒரு பொறியைப் பராமரிப்பார்களா?’ என்று கேட்கும். 2015 செப்டம்பரில் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு மூணாற்றுச் சாலையில் ஆயிரக்கணக்கில் அமர்ந்து, இருபது விழுக்காட்டு போனசைப் பெற்றுக்கொண்டு எழுந்த பெண்கள் எந்த லயங்களிலிருந்து வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மின்சாரமின்றிக் கிடந்த யாழ்ப்பாணத்தில், ஒருவர் சைக்கிள் மிதிக்க அதன் டைனமோவில் வானொலி பாட, சுற்றி இருந்து செய்தி கேட்டார்கள். தமிழர் வரலாற்றில் உண்மையாகவே எடுத்துச் செல்லத்தக்க ஜெனரேட்டர் அதுதான். ஒருவர் மிதிக்கப் பலர் கேட்டார்கள்.

மூத்த ஆய்வாளருக்கு: நீங்கள் அனுப்பிய இணைப்பை நான் திறந்து பார்த்தேன். மூன்றாவதாக உள்ள இன்வெர்ட்டர் வகை நன்றாகவே இருக்கிறது. மலையில் ஒன்றரை கே.வி.ஏ. தரும் என்றால் எங்களுக்கு அதுவே போதும்.

ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் பேசினோம். எட்டு வீட்டில் ஐந்து வீடு ஒப்புக்கொண்டிருக்கிறது. கொட்டகையைக் கோயிலுக்குப் பின்னால் போடலாம் என்று ஒரு அண்ணன் சொன்னார். சாமிக்குச் சத்தம் ஆகாது என்று பாட்டி மறுத்துவிட்டார். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உள்ள இடத்தை அளந்து பார்த்தோம், கடைசி வீட்டுச் சன்னலிலிருந்து பதினொரு மீட்டர் வருகிறது. மாதாந்தர ஓட்டத்துக்கு முதல் முறை எங்கள் வீடு. மூன்று வீடு பாக்கி. அதில் ஒரு மாமா தனக்குத் தனியாக ஒன்று வாங்கப்போவதாகவும் திண்ணையில் வைத்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். “அவரு திண்ணையும் நம்ம திண்ணையும் வேறயா?” என்று கேட்டுவிட்டு, அம்மா அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். இன்னும் திரும்பவில்லை.